நீங்கள் தந்த அமைதிக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய 'வெல் டெம்பர்டு கிளாவியர்' என்ற இசைத் தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் கடைசியாக வரும் பி மைனர் ஃபியூகைப் பியானோவில் வாசித்துப் பதிவு செய்தேன். அத்தோடு 48 ப்ரெலூடும் 48 ஃபியூகும் முடிந்தன. முதல் சி மேஜரைப் பதிவு செய்த நாளில் என் மகளுக்கு 6 வயது. இப்போது 15. இந்த 9 ஆண்டுகளில் வாசித்ததையெல்லாம் கூட்டினால் நாலு மணி நேரச் சொச்சம்தான் கையில் நிற்கிறது. அந்த நாலு மணி நேரத்துக்காக நீங்கள் எத்தனை பேர், எத்தனை நாள் உங்கள் வீட்டுச் சத்தத்தை அடக்கிவைத்தீர்கள் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. பதிவில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் இந்த மடல்.

நான் செய்வது என்ன என்று கேட்காமலே உங்களில் பாதிப் பேர் உதவினீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள். ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்து மேஜர் என்ற சுர வரிசை ஒன்று, மைனர் என்ற சுர வரிசை ஒன்று, ஆக 24. இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ரெலூட், ஒரு ஃபியூக் என்று 1722இல் பாக் ஒரு தொகுதி எழுதி முடித்தார். ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து அதே போல் இன்னொரு முழுத் தொகுதி. ப்ரெலூட் ஃபியூகுக்கு முன்னால் வரும் முன்னோட்டம், அதில் கை விட்டேற்றியாக ஓடலாம். ஃபியூக் அப்படியில்லை. ஒரு குரல் தனியாக ஒரு சிறு வரியைச் சொல்லும். அது சொல்லி முடித்ததும் இன்னொரு குரல் அதே வரியை வேறு இடத்திலிருந்து எடுக்கும். முதல் குரல் அப்போதும் ஓயாது, பக்கத்திலேயே வேறொன்றைப் பேசிக்கொண்டு வரும். அப்புறம் மூன்றாவது குரல், நான்காவது குரல். முதல் தொகுதியின் இ மைனர் ஃபியூகில் மட்டும்தான் இரண்டே குரல். சி ஷார்ப் மைனரிலும் பி பிளாட் மைனரிலும் ஐந்து. வாசிக்க இருப்பதோ பத்து விரல்.

இதைக் கேட்கிற காதை எனக்குக் கொடுத்தவர் என் டீச்சர். அவருக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. கை வலியால் அவர் வாசிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஃபியூகையும் தொடங்குமுன் நான் போனில் அவரைக் கூப்பிடுவேன். மேஜைமேல் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "டெனரைப் பாடு, மத்த மூணையும் வாசி" என்பார். பாடுவேன். டெனர் என்பது கீழிருந்து இரண்டாவது குரல். நாலாவது பாரில், அதாவது நாலாவது தாளக் கட்டத்தில், அது என் வாயிலிருந்து நழுவி அதற்கு மேலே உள்ள ஆல்ட்டோ குரலுக்குப் போய்விடும். "நில்லு. எங்க போன?" என்பார். மறுபடி முதலிலிருந்து. ஒரு குரலைப் பாடிக்கொண்டே மற்றதை வாசிக்க முடியாதவரை அந்த ஃபியூக் நமக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. 48 ஃபியூகிலும் அவர் அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சர், அந்தப் பிடிவாதத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்?

ட்யூனர் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். பியானோவில் ஒரு கட்டைக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள். நடுக் கம்பி மட்டும் ஒலிக்கும்படி நீளமான ஃபெல்ட் பட்டையை வரிசையாகச் செருகுவார். பிறகு கம்பியை முறுக்கும் சாவியை மாட்டி, இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு சுரங்கள் ஒட்டாதபோது ஒலியில் ஒரு அலை எழும். அந்த அலையைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னார். சுத்தமான ச-ப இடைவெளியை 12 முறை அடுக்கிக்கொண்டே போனால் புறப்பட்ட சுரத்துக்கே திரும்பி வர வேண்டும். வராது. அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும். "அந்த மிச்சத்தை யார் தலையில கட்டுறதுங்கறதுதாம்மா ட்யூனிங்" என்றார். இன்று நாம் அதை 12 ச-பவுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறோம். பாக் தன் தலைப்பில் 'நன்றாகச் சுருதி சேர்த்த' என்றுதான் சொல்கிறார், 'சமமாக' என்று சொல்லவில்லை.

அன்று பேசியதன் பலனாக, இரண்டாம் தொகுதி முழுவதற்கும் அவர் வாலோட்டி என்ற பழைய முறையில் சுருதி சேர்த்துக் கொடுத்தார். அதில் ஆறு ச-ப சுத்தமாக நிற்கும். மற்ற ஆறு அந்த மிச்சத்தைச் சுமக்கும். அதனால் சி மேஜர் படிந்து உட்கார்ந்திருக்கும், சி ஷார்ப் மேஜர் சற்றுக் கூசும். ஒரே பியானோவில் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் தனி முகம் வந்ததை நான் முதன்முதலாகக் கேட்டேன். இதற்காக அவர் வந்துபோன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. நடுவில் ஒரு கம்பி அறுந்தது. புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே போகும். நான் கூப்பிடவில்லை. அவராகவே மூன்று வாரம் தொடர்ந்து வந்து, அந்த ஒரு கம்பியை மட்டும் முறுக்கிவிட்டுப் போனார். ஐயா, அந்த வாரங்களில் பதிவானது எஃப் மைனர். உங்கள் கம்பி அதில் அசையாமல் நிற்கிறது.

மூன்றாம் ஆண்டில் என் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒரே இரவில் செத்துப்போனது. 14 பதிவுகள் போயின என்று நினைத்து நான் இரண்டு நாள் பியானோவைத் திறக்கவில்லை. அப்போது என் பதிவுகளைக் கேட்டுத் திருத்தம் சொல்லும் நண்பர் போன் செய்து, "எல்லாம் என்கிட்ட இருக்குங்க, தேதி போட்டு வெச்சிருக்கேன்" என்றார். நான் அனுப்பிய ஒவ்வொன்றையும், வேண்டாமென்று ஒதுக்கிய டேக்குகளைக்கூட, அவர் சேர்த்துவைத்திருந்தார். இந்த இசையே அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. பாக் 1750இல் இறந்தார். இந்தத் தொகுதிகள் அச்சாகத் தொடங்கியது 1801இல். அதுவரை மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் கையால் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். இரண்டாம் தொகுதிக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியில் மூன்று ப்ரெலூட்-ஃபியூக் ஜோடிகள் இல்லை. மற்றவர்கள் எடுத்துவைத்த பிரதிகள் இருந்ததால்தான் அவற்றை இன்று நாம் வாசிக்கிறோம். அந்த லண்டன் பிரதியிலேயே பல பக்கங்கள் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் கையெழுத்து. நண்பரே, நீங்களும் அந்த வரிசையில் வருகிறவர்.

அவருடைய திருத்தங்களையும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "பார் 73, மேலிருந்து இரண்டாவது குரல் காணவில்லை." "கடைசிப் பக்கத்தில் அவசரம். யாராவது வந்துவிட்டார்களா?" ஆமாம், அன்று யாரோ வந்துவிட்டார்கள். வேகம் கூடியதைக் கேட்டே அதைக் கண்டுபிடித்த காது அது.

மைக் இரவல் தந்தவர், ஸ்டாண்ட் செய்து கொடுத்தவர், ஆறாம் ஆண்டில் மணிக்கட்டு வீங்கியபோது நான்கு மாதம் வாசிக்கவிடாமல் தடுத்து, பிறகு தினம் பத்து நிமிடம் என்று திரும்பத் தொடங்கவைத்த பிசியோதெரபிஸ்ட், முதல் தொகுதியின் தலைப்புப் பக்கத்தில் இருந்த பழைய ஜெர்மனை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்ன தோழி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. கற்கும் ஆர்வமுள்ள இளையோரின் பயனுக்கும், இதில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்களின் பொழுதுபோக்குக்கும் என்று பாக் அங்கே எழுதியிருப்பதாக அந்தத் தோழி சொன்ன அன்றுதான், மேடை ஏறாத எனக்கும் இந்தப் புத்தகத்தில் இடம் உண்டு என்று நம்பினேன்.

வீட்டுக்குள் வருகிறேன். பதிவில் ஒரு முனகல் கேட்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். ஜி மைனர் வாசிக்கும்போது மட்டும் உறுத்தும். குளிர்சாதனப் பெட்டிதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் முனகல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் விழும். பியானோவின் கீழே இருக்கும் ஒரு ஜி 98 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டவும் ஒட்டாமல் விலகவும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து பதிவுக்கு முன் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். "சாவி உள்ள இருந்தா, பெட்டியத் திறக்காம யாரும் வெளிய போக முடியாதுல்ல" என்றார். 9 ஆண்டில் ஒரு தடவைகூடப் பிளக்கைத் திரும்பப் போட மறக்கவில்லை. என் ஸ்டூல் கிரீச்சிடுவதைக் கேட்டு, ஒவ்வொரு திருகாக இறுக்கியவரும் அவர்தான்.

மகளே, உன்னைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதல் தொகுதியின் ஏ மைனர் ஃபியூகின் முடிவில், அடியில் ஒரு ஏ சுரம் பல பார்களுக்கு நின்றுகொண்டே இருக்க வேண்டும். மேலே குரல்கள் விரிந்து போகும். இரண்டு கைக்கும் அது எட்டாது. காலால் அழுத்தும் கட்டைகள் உள்ள கருவியை மனதில் வைத்து எழுதியிருக்கலாம் என்பார்கள். கிராண்ட் பியானோவில் நடுப் பெடல் கைகொடுக்கும். நம்முடையது அப்ரைட். அதன் நடுப் பெடலை மிதித்தால் ஃபெல்ட்தான் இறங்கும். இரண்டு வாரம் தவித்தேன். அப்போது உனக்கு 9 வயது, எனக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாய். "அம்மா, அந்த ஒண்ண நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாய். என் இடது தோளோரம் மூச்சுக்கூடக் கேட்காமல் நின்று, சரியான இடத்தில் அந்தக் கட்டையை என் விரலிடமிருந்து வாங்கிக்கொண்டாய். நான் கடைசிச் சுரத்தை விடும்வரை நீ விடவில்லை. பதிவைக் கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. இப்போது தெரியட்டும், அந்த ஏ என் மகளுடையது.

கடைசியாக மாடிவீட்டுக்காரர்களுக்கு. எங்கள் கதவில் சிவப்புத் துணி தொங்கினால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டைச் சொன்னதே நீங்கள்தான். ஞாயிறு காலை, பிள்ளைகள் இருவரும் விழித்ததும் குதிக்கிற வயசு. அவர்களை எப்படித்தான் கட்டிப்போட்டீர்களோ! படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "ஆன்ட்டி, இன்னும் எத்தனை பாட்டு இருக்கு?" என்று சின்னவன் கேட்பான். விரல்விட்டு எண்ணிச் சொல்லுவேன். எண்ணிக்கை குறையக் குறைய அவன் வளர்ந்துகொண்டே வந்தான்.

கடைசி பி மைனர் ஃபியூக் மூன்றெட்டுத் தாளத்தில் நடனம் போலப் போகும், இரண்டு நிமிடம்தான். கடைசிச் சுரம் தேயும்வரை கையை எடுக்காமல் இருந்தேன். பியானோ ஓய்ந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கதவு திறக்கிற சத்தம், அப்புறம் தடதடவென்று நாலு கால்கள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடின. நண்பர் எடிட் செய்யும்போது, "இதை வெட்டிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அது அங்கேயே இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கீழ்வீட்டுப் பியானோக்காரி