பர்கூர் மலைச் சிற்றூரில் விளக்கேற்றித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அந்தியூர், பெருந்துறை, கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் எங்களுக்குக் கைகொடுத்த பெருமக்கள் அனைவருக்கும், எங்கள் ஊரின் இருபத்து மூன்று குடும்பங்களின் சார்பிலும் பணிவான வணக்கம்.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறும் சாலையை விட்டு விலகி, காட்டுத்தடத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்தால்தான் எங்கள் ஊர். மின்கம்பி இன்னும் எங்களை எட்டவில்லை. ஆனாலும் சென்ற ஐப்பசி அடைமழையில், பதினொரு நாள் வெயிலே காணாத நிலையிலும், படிப்பகத்தில் ஒருநாள்கூட விளக்கு அணையவில்லை; மேல்நிலைத் தொட்டியில் ஒருநாள்கூடத் தண்ணீர் வற்றவில்லை. இது யார் யாரால் நடந்தது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்ததால் இம்மடலை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் செய்த தவற்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வீடு பணம் திரட்டி, மூடிய தறிப்பட்டறை ஒன்றில் கிடந்த 15 கேவிஏ (ஏறத்தாழ 12 கிலோவாட்) திறனுள்ள ஜெனரேட்டரை வாங்கி, கோடையில் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பெரியதாக இருந்தால் பின்னால் உதவும் என்று விற்றவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். மாலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை ஓட்டுவதற்கு ஆறு லிட்டருக்கு மேல் டீசல் குடித்தது. ஓராண்டு முடிவதற்குள் கரும்புகை கக்கியது. சைலன்சர் குழாயின் வாயிலிருந்து தார் போன்ற எண்ணெய் சொட்டத் தொடங்கியது. தலைச்சுமையாகக் கொண்டுவந்த டீசல் இப்படிப் புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

அப்போது அந்தியூரிலிருந்து நடந்தே வந்து பார்த்த மெக்கானிக் அண்ணனுக்கே எங்கள் முதல் நன்றி. அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "ஏனுங்க, மொத்தம் எத்தன பல்பு எரியுதுங்க?" என்று கேட்டுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். வீட்டுக்கு இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்புகள், ஆறு தெருவிளக்குகள், படிப்பகத்தின் குழல்விளக்குகளும் ஒரு மின்விசிறியும் என்று எல்லாவற்றையும் கூட்டியபோது 650 வாட்டுக்குள் அடங்கியது. 12 கிலோவாட் கொடுக்கக்கூடிய இயந்திரத்தை அதன் இருபதில் ஒரு பங்கு வேலைக்காக ஐந்து மணி நேரம் ஓட்டியிருக்கிறோம். "இஞ்சினுக்குப் பாரம் வேணுமுங்க. பாரமில்லாம ஓடுனா சூடே ஏறாது, சூடு ஏறாம டீசல் முழுசா எரியாதுங்க" என்றார். எரியாத டீசலும் கரியும்தான் சைலன்சரில் தாராக வழிந்தன என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் டீசல் செலவிட்டிருந்தோம். சரியான பாரத்தோடு ஓடும் சிறிய டீசல் இஞ்சின் ஒரு லிட்டரிலேயே மூன்று யூனிட் தரும். இந்தக் கணக்கை எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், தம் பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே நன்றி சொல்கிறேன். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் போய், மின்மோட்டார் வருவதற்கு முன், அவருடைய தந்தையார் கிணற்றில் தண்ணீர் இறைத்த 8 குதிரைத்திறன் ஆயில் இஞ்சினை மோட்டார் ரூமில் சாக்குப் போட்டு மூடிப் பாதுகாத்து வைத்திருந்தார். பழைய இரும்புக்காரர் பலமுறை விலை கேட்டும் கொடுக்காதவர், எங்கள் நிலையைக் கேட்டதும் ஒரு பைசா வாங்காமல் தூக்கிக் கொடுத்தார். நிமிடத்துக்கு 850 சுற்று மட்டுமே ஓடும் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் அது. மூவாயிரம் சுற்று ஓடும் சிறிய ஜெனரேட்டர்கள் விலையிலும் எடையிலும் குறைவு என்றாலும், நிதானமாக ஓடும் இஞ்சினில் தேய்மானம் குறைவு. பழுது பார்ப்பதற்கும் கொங்கு நாட்டில் எந்தக் கிராமத்திலும் ஆள் கிடைப்பார். தொலைவில் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய பலம் என்பது என் கருத்து.

அந்த இஞ்சினுக்குப் புது லைனரும் பிஸ்டன் ரிங்கும் டீசலைத் தூவும் நாசிலும் போட்டு, பெல்ட்டின் மூலம் 1500 சுற்றுக்கு ஏற்றி மின்சாரம் தரும் 5 கேவிஏ (ஏறத்தாழ 4 கிலோவாட்) ஆல்டர்னேட்டரை இணைத்துக் கொடுத்தவர்கள் கோயம்புத்தூர்ப் பட்டறைத் தொழிலாளர்கள். பொருளுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு கூலியை விட்டுக்கொடுத்தார்கள். 1932இல் நீலகிரி மலையின் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுத்த பிறகுதான் கோயம்புத்தூரில் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின என்று அங்கிருந்த மூத்த தொழிலாளி என்னிடம் சொல்லிவிட்டு, "மலையில இருந்து வந்ததுங்க, மலைக்கே கொஞ்சம் திரும்பப் போகட்டும்" என்றார். அந்தச் சொல்லை எங்கள் ஊரார் மறக்கமாட்டார்கள்.

மழையில் தடம் அரித்துப்போயிருந்ததால் டிராக்டர் ஏற முடியவில்லை. முந்நூறு கிலோவுக்கும் மேலான இஞ்சினிலிருந்து ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரங்களைக் கழற்றித் தனியாக உருட்டியும், உடலை மூங்கிலில் கட்டிப் பன்னிரண்டு பேர் தோள் மாற்றித் தோள் சுமந்தும் கொண்டுவந்தோம். அன்று துணைக்கு வந்து, யானை நடமாட்டம் பார்த்துச் சொன்ன வனக்காவலர்களுக்கும், பக்கத்து ஊர் இளைஞர்களுக்கும் நன்றி.

இப்போது நடக்கும் முறையைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன். எங்களைப் போன்ற வேறு ஊரார் யாரேனும் இதைப் படித்தால் பயன்படும். நன்கொடையாகக் கிடைத்த 1 கிலோவாட் சூரியத் தகடுகள் வெயில் நாளில் நான்கு யூனிட் வரை தருகின்றன; அது 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சேர்ந்து இரவு விளக்குகளுக்குப் போதுமானதாகிறது. வெயில் இல்லாத நாளில் மட்டும், இருட்டும் நேரத்தில் இரண்டு மணி நேரம் இஞ்சினை ஓட்டுகிறோம். தண்ணீர் மோட்டாரை முதலில் ஓடவிட்டு, அது நிலைத்த பிறகே சார்ஜரை இணைக்கிறோம்; இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவாட் ஆகிவிடுவதால் இஞ்சின் முக்கால் பாரத்தில் நன்றாகச் சூடேறி ஓடுகிறது. இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் டீசலில் தொட்டியும் நிரம்பி, விடியும்வரை வெளிச்சத்துக்கும் மின்சாரம் சேர்ந்துவிடுகிறது. பிறகு ஊர் முழுவதும் அமைதி. முன்பெல்லாம் பதினொரு மணிவரை அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மறுபக்கச் சக்கரத்தில் ராகி அரைக்கும் மாவு மெஷினை நேராக இணைக்கிறோம். சுழற்சியை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மோட்டாரில் மறுபடியும் சுழற்சியாக்கினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று சொல்லி, இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவரும் அதே மெக்கானிக் அண்ணன்தான். மாவுக்காக மலையிறங்கி நடந்த பெண்கள் இன்று அவருக்குச் சொல்லும் வாழ்த்தை நான் தனியே எழுதத் தேவையில்லை.

கடைசியாக, எண்பது வயதைத் தாண்டிய எங்கள் ஊர்ப் பெரியவருக்கு. இளமையில் அந்தியூர்ப் பக்கம் தோட்டங்களில் ஆயில் இஞ்சின் ஓட்டியவர். சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீக்கம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மெல்லச் சுற்றி, நாசில் "கிரீச்" என்று கத்துகிறதா என்று காதுகொடுத்துக் கேட்ட பிறகே வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை இரண்டு பெண்களுக்கும் மூன்று இளைஞர்களுக்கும் அவர் கற்றுத் தந்தார். கத்தவில்லை என்றால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். டீசல் பீப்பாயை அசைக்காமல் வைத்து, அடியில் தங்கும் தண்ணீரைத் தொடாமல் மேலிருந்தே எடுக்க வேண்டும் என்பதும், இஞ்சின் அறையின் கதவை மூடிவைத்து ஒருபோதும் ஓட்டக்கூடாது, புகை உயிரைக் குடித்துவிடும் என்பதும் அவர் சொன்னவைதான். ஓடிய மணிகளை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாற்பது பக்க நோட்டில் நாள்தோறும் குறித்து வருகிறாள். இதுவரை 231 மணி ஆகியிருக்கிறது. 250ஐத் தொட்டதும் ஆயில் மாற்ற வேண்டும். புது ஆயில் ஐந்து லிட்டர் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டோம்.

தை பிறப்பதற்குள் ராகி அறுவடை முடிந்துவிடும். முதல் வெள்ளியன்று அரைக்கும் மாவில் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இரண்டு படி எடுத்துவைத்து, அந்தியூர்ச் சந்தைக்கு வரும்போது நேரில் கொண்டுவந்து சேர்க்கிறோம். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
மாலைநேரப் படிப்பக ஆசிரியர்,
பர்கூர் மலை, ஈரோடு மாவட்டம்.