கோடு வரையக் கற்றுக்கொண்டிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் மனத்திலேயே நிற்கிறது. கணினி வரைகலைப் பட்டப்படிப்பில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியும் ஓர் உருவத்தைக்கூட அசைய வைத்துப் பார்க்கவில்லை என்றாய். ஒரு நேர்கோட்டைத் திரையில் வரையும் நிரலுக்கே ஒரு வாரம் போய்விட்டது, இதற்குப் பதிலாக ஆறு மாதத்தில் மென்பொருளைப் பழக்கிவிடும் ஒரு பயிற்சியில் சேர்ந்திருக்கலாமோ என்றும் கேட்டாய். அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீ அனுப்பிவைத்த பாடத்திட்டத்தை அச்செடுத்து, விளங்காத இடங்களுக்கு நூல்களைத் தேடி, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து என்னால் இயன்ற அளவு போட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நேர்கோடு. முப்பது ஆண்டுகள் வரைபலகையின் முன் நின்று இயந்திரப் பாகங்களை வரைந்தவன் நான். பலகையில் டீ ஸ்கொயர் என்னும் T வடிவ அளவுகோலை வைத்துப் பென்சிலை இழுத்தால் கோடு விழுந்துவிடும். திரையில் அப்படி எதுவும் இல்லை. வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு கட்டங்கள்தாம் இருக்கின்றன. சாய்ந்து செல்லும் ஒரு கோட்டுக்கு எந்தெந்தக் கட்டங்களை நிரப்புவது என்பதை ஒவ்வோர் அடியிலும் யாரோ தீர்மானிக்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் கண்ட வழியைத்தான் நீ எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு படியிலும் உண்மையான கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதைக் கூட்டிக்கொண்டே வந்து, அது எல்லையைத் தாண்டும்போது மட்டும் அடுத்த வரிசைக்கு ஏற வேண்டும். பின்னம் இல்லை, வகுத்தல் இல்லை, முழு எண்களின் கூட்டலும் கழித்தலும் மட்டுமே. இதை நான் கட்டம் போட்ட தாளில் செய்து பார்த்தேன். கோடு படிக்கட்டுபோல் வந்தபோது, அந்தப் படிகளை மறைக்க ஓரத்துக் கட்டங்களுக்கு ஏன் மங்கிய நிறம் தருகிறார்கள் என்பதும் தானாகவே விளங்கியது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 கட்டங்கள் உள்ளன. வினாடிக்கு அறுபது படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான். ஒரு கோட்டில் ஒரு வகுத்தலை மிச்சப்படுத்துவதற்கு அவ்வளவு பாடுபட்டதை வீண் என்று இனி என்னால் நினைக்க முடியாது.

அடுத்து, நீ வெறுக்கிற நேரியல் இயற்கணிதம். அதில் அணி என்பது கட்டம்போல் வரிசைகளில் அடுக்கிய எண்களின் தொகுப்பு. ஒரு புள்ளியைச் சுழற்றவும் பெரிதாக்கவும் மூன்றுக்கு மூன்று அணி போதும். ஆனால் அதே அணியைக் கொண்டு புள்ளியை இடம் நகர்த்த முடியாது, ஏனெனில் எல்லா அளவும் பூச்சியமாக உள்ள ஆதிப்புள்ளியை எந்த அணியால் பெருக்கினாலும் அது ஆதிப்புள்ளியாகவே இருந்துவிடும். அதனால் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, நான்குக்கு நான்கு அணியாக்கி, நகர்த்துதலையும் பெருக்கலுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதோடு முடிந்திருந்தால் அதை ஒரு கணக்கு உத்தி என்று விட்டிருப்பேன். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்கிறபோது, அதே நான்காவது எண்ணில் தூரத்தை ஏற்றி, மற்ற மூன்றையும் அதனால் வகுத்துவிடுகிறார்கள் என்று படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அப்படித் தூரம் தெரியும் படம் வரைய, இணைகோடுகள் தூரத்தில் போய்ச் சேர்வதாகத் தோன்றும் மறைபுள்ளியை நான் குறித்து, நூல் கட்டி, ஒரு கட்டடத்துக்கு இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் வேலையும் ஒரே ஒரு வகுத்தலுக்குள் இருக்கிறது. இதைக் கற்றுத்தருகிற வகுப்பில் உட்காரும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது, கண்ணே.

வளைவுகளைப் பற்றிய பாடம் எனக்கு நெருக்கமானது. கப்பல் கட்டுவோர் வளையும் மரப்பட்டையை ஈயக் குண்டுகளால் அழுத்திப் பிடித்து வளைவு வரைந்தார்கள்; எங்கள் வரைவறையில் பிளாஸ்டிக் வளைவுச் சட்டங்கள் இருந்தன. ரெனோ கார் நிறுவனத்தின் பெஸியேயும் சித்ரோயெனின் டி காஸ்டல்ஜோவும் அந்த வேலையைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கொண்ட வாய்பாடாக மாற்றினார்கள். கார் உடலுக்காகக் கண்ட அந்த வளைவுகளைக் கொண்டுதான் இன்று கணினி எழுத்துருக்களின் வடிவங்களும் வரையப்படுகின்றன.

இரண்டாம் ஆண்டில் உனக்காகக் காத்திருப்பது ஒளி. ஒரு பரப்பின் மேல் ஒளி எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ அவ்வளவு மங்கும் என்பதை லாம்பர்ட் என்னும் அறிஞர் 1760இலேயே கொசைன் விதியாக எழுதிவிட்டார். கணினிக்குள் அது நிழலும் மெருகுமாக வந்த கதையில் என்னைத் தொட்டது ஒன்று உண்டு. முக்கோணங்களால் ஆன உருவத்தின் முனைகளில் நிறத்தைக் கணக்கிட்டு இடையில் படரவிடும் முறையை 1971இல் தந்த ஆன்ரி கூரோ, ஒவ்வொரு கட்டத்திலும் பரப்பின் திசையையே கணக்கிட்டுப் பளபளப்பைக் கொண்டுவந்த புய் துவோங் போங், எந்தப் பொருள் முன்னால் இருக்கிறது என்பதை ஆழத்தை வைத்துத் தீர்மானிக்கும் முறையையும் பரப்பின் மேல் படத்தைப் போர்த்தும் முறையையும் 1974இல் தன் ஆய்வேட்டில் எழுதிய எட்வின் கேட்மல் ஆகிய மூவரும் அப்போது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அவர்களிடம் பழகுவதற்கு மென்பொருள் எதுவும் இருக்கவில்லை. ஒரு கோளம் ஏன் உருண்டையாகத் தெரிகிறது என்ற கேள்விதான் இருந்தது. போங் 1975இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். அவர் பெயர் தாங்கிய அந்த முறையை உலகெங்கும் வரைகலை மாணவர்கள் இன்றும் எழுதிப் பழகுகிறார்கள். பிறகு வரும் கதிர்த்தடப் பாடத்தில், கண்ணிலிருந்து கதிரை அனுப்பி அது பட்டுத் தெறிக்கும் இடங்களையெல்லாம் பின்தொடர்வாய். படத்திலுள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும் என்பதையும் அங்கே அறிவாய்.

குறுகிய காலப் பயிற்சியை நான் இகழவில்லை. அங்கே படித்து நல்ல வேலை செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் வேறுபாடு எங்கே என்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். படத்தில் நிறத்தின் அளவை 0 முதல் 255 வரையான எண்ணாகச் சேமிக்கிறார்கள். பாதி ஒளிக்கு எண் 128 என்றுதான் எவரும் நினைப்பார்கள். வழக்கமான முறையில் அது ஏறத்தாழ 188. கருமைப் பகுதிகளில் நம் கண் நுட்பமாக வேறுபாடு காண்பதால், எண்களில் கூடுதலானவற்றை அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இதை அறியாமல் இரண்டு விளக்குகளின் ஒளியை அப்படியே கூட்டினால் விளைவு பிழையாகும். இரண்டு படங்களைக் கலந்தால் ஓரங்கள் அழுக்குப் படிந்ததுபோல் இருண்டுவிடும். மென்பொருளில் இதைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு. எந்தப் பொத்தான் என்று தெரிந்தவர், அது இடம் மாறும்வரை சமாளிப்பார். இருள் எதனால் வந்தது என்று தெரிந்தவருக்குப் பொத்தான் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் வரைவறைக்குக் கணினி வந்தபோது இதை நேரில் கண்டேன். உருவத்தின் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் மனத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் மறுபடியும் தொடக்கத்துக்கே போனார்கள்.

இதே பெயரில் இரண்டு விதமான படிப்புகள் இருப்பதையும் கவனித்தேன். கணினி அறிவியல் துறையில் நடப்பது நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, வரைகலைச் செயலியில் ஓடி நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் ஷேடர்கள் என்னும் சிறு நிரல்கள் என்று போகும். கலைத் துறையில் நடப்பது மாடலிங், அனிமேஷன், காட்சிக் கலவை என்று போகும். உன் பாடத்திட்டத்தில் இரண்டும் கலந்திருப்பதை நான் பெரும் நற்பேறாகக் கருதுகிறேன். மூன்றாம் பருவத்தில் உடல் வரைதல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை எளிது என்று தள்ளிவிடாதே. கணினியில் எலும்புக்கூடு பொருத்திய உருவத்தின் முன்கையைத் திருகும்போது மணிக்கட்டு, சாக்லெட் சுற்றிய தாள்போல் முறுகிச் சிறுத்துவிடுவதைப் பார்ப்பாய். மூட்டருகே உள்ள தோலை இரண்டு எலும்புகளின் சுழற்சி அணிகளுடைய சராசரியால் நகர்த்துகிறார்கள்; அந்தச் சராசரி ஒரு சுழற்சியாக இருக்க வேண்டியதில்லை என்பது அதற்குக் கணிதக் காரணம். ஆனால் அது தவறு என்று முதலில் கண்டுபிடிக்க, உண்மையான கையைப் பலமுறை வரைந்து பார்த்த கண் வேண்டும்.

திட்ட மேலாண்மை, அறிக்கை எழுதுதல் முதலிய பாடங்களைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, ஒழுங்காக முடித்துவிடு. இறுதி ஆண்டின் குழுத் திட்டத்தை மட்டும் இப்போதிருந்தே எண்ணிப் பார். அன்று நீ எழுதும் நிரலையும் உன் தோழர்கள் செய்யும் உருவங்களையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நிரலுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் நின்று இருவருடைய மொழியையும் புரிந்துகொள்பவர் எந்தக் குழுவிலும் தேவைப்படுவார். கட்டணத்தைப் பற்றிய கவலை உனக்கு வேண்டாம், அதை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். முடிவு உன்னுடையது, இந்த ஆண்டு முடியும்வரை மட்டுமாவது அணிகளோடு பொறுமையாக இருந்து பார் என்பதே என் வேண்டுகோள்.

ஓர் ஐயம் எனக்குத் தீரவில்லை. 1843இல் கணித அறிஞர் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன் என்னும் நான்கு எண் தொகுப்பால் சுழற்சியைக் குறிக்கும்போது, நாம் சுழற்ற விரும்பும் கோணத்தில் பாதியை எழுதுகிறார்கள். ஏன் பாதி என்பதை மூன்று முறை படித்தும் முழுதாகப் பிடிபடவில்லை. அந்தப் பாடம் உனக்கு அடுத்த பருவத்தில் வருகிறது. வகுப்பு முடிந்த அன்றே அழைத்து எனக்குச் சொல்லிக்கொடு; தாளோடு காத்திருப்பேன். அதற்கு முன்னால் உன் நிரல் வரைந்த கோட்டின் படத்தை அனுப்பு. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா