ஏழு சீட்டு, 5,000 பவுண்டு: எஸ்யூவி கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல மூணு வரிசை மிட்சைஸ் எஸ்யூவி விக்கிற டொயோட்டா, ஹோண்டா, கியா, நிஸ்ஸான், இன்னும் மத்த எல்லாருக்கும் வணக்கம்.

உங்க வண்டி மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, நீங்க நம்பர் போடுற விதத்து மேலதான். மேல ஏழு எட்டு பேர் உக்காரலாம்னு போடுறீங்க, அதுக்குக் கீழயே பின்னாடி மாட்டுற டிரெய்லரை 5,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும்னு போடுறீங்க, படிக்கிறவன் ரெண்டையும் சேத்துதான நினைப்பான்? அந்த இழுவை நம்பரு ஜே2807ங்கிற இழுவை டெஸ்ட்படி வர்றது. அரிசோனாவுல டேவிஸ் டேம் மேட்டுல 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல ஏசியைப் போட்டுக்கிட்டு ஏத்தணும், கஷ்டமான டெஸ்ட்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதுல வண்டிக்குள்ள கணக்கு ரெண்டே பேரு, ஆளுக்கு 150 பவுண்டு!

எங்க வீட்டுக் கணக்கு வேற. ஊர்லேருந்து அம்மா அப்பா வந்தா, நாங்க ரெண்டு பேரு, பசங்க மூணு, மொத்தம் ஏழு. பசங்க வெயிட் கம்மிதான், ஆனா கூலர், இட்லி குக்கர், பெட்டி படுக்கைன்னு அது ஈடு கட்டிரும், ஆக ஆயிரம் பவுண்டு சொச்சம். 5,000 பவுண்டு கேம்பர்னா (தங்குறதுக்கு இழுத்துட்டுப் போற டிரெய்லர்) அதுல பத்துலேருந்து பதினஞ்சு சதவீதம் ஹிட்ச் மேல, அதாவது டிரெய்லரை மாட்டுற கொக்கி மேல அழுத்தும், அதுவே கொறஞ்சது 500, அதுவும் வண்டி தாங்குற வெயிட்லதான் சேரும். இப்ப டிரைவர் கதவைத் தொறந்து, டயர் பிரஷர் போட்டிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க, ஆளும் சாமானும் சேந்து இவ்வளவுக்கு மேல ஏத்தாதன்னு ஒரு நம்பர் இருக்கும். நான் பாத்த வண்டியில 1,300 சொச்சம், எங்க கணக்கோ 1,500ஐத் தாண்டிருச்சு. சேல்ஸ்மேன்கிட்ட கேட்டா "எல்லாரும் இழுத்துட்டுதான் சார் போறாங்க"ங்கிறாரு.

இது போக ஒரே மாடல்ல ட்ரிம்முக்கு (வேரியன்ட்டுக்கு) ஒரு கதை. ஹோண்டா பைலட்ல ஆல் வீல் டிரைவ் எடுத்தாதான் 5,000, இல்லைன்னா 3,500. டொயோட்டா கிராண்ட் ஹைலேண்டர் சாதா ஹைப்ரிட் 3,500, ஹைப்ரிட் மேக்ஸ் 5,000. நிஸ்ஸான் பாத்ஃபைண்டர் 6,000ன்னு சொல்றது எல்லா ட்ரிம்முக்கும் கிடையாது. இடத்தைப் பொறுத்தவரைக்கும் கிராண்ட் ஹைலேண்டரைப் பாராட்டணும், மூணாவது வரிசை நிமித்தி வச்சிருக்கும்போதே பின்னாடி 20.6 கன அடி, பழைய ஹைலேண்டர்ல 16தான், அதுல ரெண்டு ஏர்போர்ட் பெட்டி வச்சா டிக்கி முடிஞ்சுது.

கேக்குறது இதுதான்: இழுவை நம்பர் போடுற அதே இடத்துல, அதே சைஸ் எழுத்துல அந்த ஸ்டிக்கர் நம்பரையும் ட்ரிம் வாரியா போடுங்க. கூடவே நாலு பேர் உக்காந்தா எவ்வளவு இழுக்கலாம், ஏழு பேர்னா எவ்வளவுன்னு ஒரு சின்ன டேபிள். எங்களுக்கு 3,000 பவுண்டு கேம்பர்தான் சரிப்படும்னா சொல்லிருங்க, அதையே வாங்கிட்டுப் போறோம், ஷோரூம்ல கால்குலேட்டர் வச்சுக்கிட்டு நிக்க வேணாம்.