டீப் பர்ப்பிள் கச்சேரிகளும் ஒரு விடுபடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராக் குழுக்களின் மறக்க முடியாத மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டீப் பர்ப்பிளுக்கு அதில் ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. பாதிப் பத்தி, 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் அவர்கள் 117 டெசிபல் சத்தத்தில் வாசித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது பற்றி. மீதிப் பாதி, 1974இல் கலிஃபோர்னியா ஜாம் விழாவில் ரிச்சி பிளாக்மோர் தன் கிட்டாரால் தொலைக்காட்சி கேமராவைக் குத்தியது பற்றி. இரண்டும் நடந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷமாக அந்தக் குழுவின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுவருகிறவன் நான். சத்தத்தையும் சண்டையையும் சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டது எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஐந்து பேரும் மேடையில் ஒருவர் வாசிப்பதை மற்றவர் எவ்வளவு கூர்ந்து கேட்டார்கள் என்பதுதான் அங்கே பெரிய விஷயம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1984இல் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழனின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன்னும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று 'மேட் இன் ஜப்பான்'. போட்டதும் டிரம்ஸ் மட்டும் மெல்ல உருள ஆரம்பித்தது. ஆர்கனும் கிட்டாரும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. சுருதி சேர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே 'ஹைவே ஸ்டார்' பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அன்று ராத்திரி அந்தக் கேசட் எத்தனை தடவை ஓடியது என்று கணக்கில்லை.

அந்தப் பதிவின் கதையே அருமையானது. மேடைக் கச்சேரியை இசைத்தட்டாகப் போட டீப் பர்ப்பிளுக்கு விருப்பமில்லை. ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனம்தான் தங்கள் நாட்டு ரசிகர்களுக்காகக் கேட்டது. எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்தான் பதிவுசெய்ய வேண்டும், வெளியிடலாமா வேண்டாமா என்பதையும் நாங்களே முடிவுசெய்வோம் என்ற நிபந்தனையோடு குழு ஒத்துக்கொண்டது. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17ஆம் தேதி டோக்கியோ புடோக்கான் அரங்கிலுமாக மூன்று கச்சேரிகள். பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து எதையும் திருத்தி வாசித்துச் சேர்க்கவில்லை. ஜப்பானோடு நின்றிருக்க வேண்டியது, அந்த வருஷம் டிசம்பரிலேயே இங்கிலாந்திலும் வெளிவந்தது. இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கங்கள், மொத்தமே ஏழு பாட்டு! ஸ்டூடியோவில் நாலரை நிமிஷத்தில் முடிந்த 'ஸ்பேஸ் டிரக்கின்' மேடையில் இருபது நிமிஷத்துக்கு விரிந்து நான்காம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒரு சின்னத் தகவல்: அட்டையில் உள்ள மேடைப் படம் ஜப்பானில் எடுத்ததே இல்லை, லண்டன் ரெயின்போவில் எடுத்தது.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டின் நடுப்பகுதியை உங்கள் வாசகர்கள் ஒருமுறை கேட்க வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பிளாக்மோர் கிட்டாரில் ஒரு சின்னத் துணுக்கு வாசிப்பார். பாடகர் இயன் கில்லன் அதை அப்படியே குரலில் திருப்பிக் கொடுப்பார். இன்னொன்று, இன்னும் கொஞ்சம் உயரத்தில். அதற்கும் பதில் வரும். நம் கச்சேரியில் பாடகர் விட்ட ஸ்வரத்தை வயலின்காரர் பிடிப்பாரே, அதேதான். இங்கே துரத்துவது குரல், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் கிட்டார் போகும் உயரத்துக்குக் கில்லனும் போய் ஒரு அலறல் அலறுவார். அதை 'சத்தம்' என்று எழுத எனக்குக் கை வராது.

'சைல்ட் இன் டைம்' இன்னும் ஒரு படி மேல். ஜான் லார்டின் ஆர்கன் தனியாக, அவ்வளவு மெதுவாகத் தொடங்கும். கில்லனின் குரல் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் நாதமாகப் படிப்படியாக ஏறும். பன்னிரண்டு நிமிஷப் பாட்டில் அந்த அமைதிக்கு அவர்கள் கொடுத்த இடத்தைப் பாருங்கள். 117 டெசிபல் குழு என்ற ஒரே முத்திரை எவ்வளவு குறைவானது என்று புரியும்.

1993இல் அந்த மூன்று இரவுகளையும் மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்டார்கள். அதை வாங்கிய பிறகுதான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டது. ஒரே பாட்டு, அடுத்தடுத்த நாள், ஆனால் கிட்டார் போகும் வழி வேறு, ஆர்கன் சொல்லும் பதில் வேறு. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் உலகமறிந்த தொடக்கத்தைக்கூட 15ஆம் தேதி பிளாக்மோர் நேராக வாசிக்கவில்லை. தாளத்தைப் புரட்டிப் போட்டு, கொஞ்சம் விளையாடிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். டிரம்ஸ் வாசிக்கும் இயன் பேஸ் அசராமல் காத்திருந்து பிடித்துக்கொள்கிறார். 'மேட் இன் ஜப்பான்' தட்டில் வரும் 'தி மியூல்' பாட்டில் இயன் பேஸின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் புடோக்கான் இரவிலிருந்து எடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஜான் லார்டைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹாமண்ட் என்ற தன் மின்சார ஆர்கனை, கிட்டார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டவர் அவர். அதனால் அது உறுமும். முதல்முறை கேட்கிறவர்கள் பல இடங்களில் அதைக் கிட்டார் என்றே நினைப்பார்கள். ஆனால் அவருக்கு அடிப்படை மேற்கத்திய செவ்வியல் பியானோ. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், அவர் எழுதிய மூன்று பகுதிக் கான்செர்ட்டோவை (பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் செவ்வியல் இசைவடிவம்) டீப் பர்ப்பிளும் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசித்தன. நடத்தியவர் மால்கம் ஆர்னால்டு. நீள முடி வைத்த ராக் பையன்களோடு உட்கார வாத்தியக் குழுவில் பலருக்கு மனமில்லை. ஆர்னால்டுதான் ஒத்திகையில் அவர்களை அதட்டி வழிக்குக் கொண்டுவந்தார். கில்லனும் பேஸ் கிட்டார் ரோஜர் குளோவரும் டீப் பர்ப்பிளில் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த நேரம் அது.

மறுவருஷம் அமெரிக்காவில் ஹாலிவுட் பவுலில் ஒருமுறை வாசித்தார்கள். அதன்பின் மொத்த இசைக்குறிப்பும் தொலைந்துபோனது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதை யாரும் வாசிக்கவே முடியவில்லை. அப்புறம் மார்கோ டி குய் என்ற டச்சு இசையமைப்பாளர், பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் படப்பதிவைப் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியை எழுதி எடுத்தார். எத்தனை வயலின், எத்தனை ஊதுகுழல்! அதையெல்லாம் காதால் பிரித்து எழுதுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று நினைத்துப் பாருங்கள். லார்டும் கூட உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். 1999 செப்டம்பரில், அதே ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவோடு அது மறுபடி ஒலித்தது. 2012இல் லார்ட் காலமான செய்தி வந்த அன்று நான் எடுத்துப் போட்டது அந்தப் பதிவைத்தான்.

கலிஃபோர்னியா ஜாம் பற்றியும் ஒரு வார்த்தை. பொழுது சாயும்போது மேடையேறுவதாகத்தான் ஏற்பாடு. நிகழ்ச்சி முன்கூட்டியே நகர்ந்துவிட்டதால், வெளிச்சம் இருக்கும்போதே ஏறச் சொன்னார்கள். பிளாக்மோர் மறுத்தார். கேமராவைக் குத்தியது, மேடையில் தீ, வெடி என்று நடந்தது எல்லாம் அந்தக் கோபத்தின் தொடர்ச்சி. அதை அவர்களுடைய உச்சம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உண்மையில் மனசைப் பிசைவது வேறொரு கச்சேரி. அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஒன்றாகத் தாக்குப்பிடிக்கவில்லை அந்த ஐவர். உறவு கசந்து, கில்லனும் குளோவரும் விலகினார்கள். 1973 ஜூன் 29 அன்று அவர்கள் கடைசியாகச் சேர்ந்து வாசித்த ஊர் எது தெரியுமா? அதே ஒசாகா. 1984இல் மறுபடி கூடினார்கள், மறுவருஷம் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் மழையிலும் சேற்றிலும் பெருங்கூட்டம் நின்று கேட்டது. சரி, அது தனிக் கதை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இடம் கிடைக்கும்போது அந்த 1969 கான்செர்ட்டோ பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். தொலைந்து மீண்ட இசைக்குறிப்புக்காகவே அதைப் படிக்க ஆள் இருக்கும். இனி இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த வருஷம், அப்போது மேடையில் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 1972இல் வாசித்தவர்களும் 1974இல் வாசித்தவர்களும் ஒரே ஐந்து பேர் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.