கூட்டம் முடியும் முன் எழுந்து போன தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பசியாறினாயா? ராத்திரி பிள்ளை தூங்கவிட்டதா?

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டில் எங்கள் லயன்ஸ் கிளப் கூட்டத்துக்கு வந்து, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் பதிவேட்டை நீட்டியவள் நான்தான். பெயரை எழுதினாய், போன் நம்பர் எழுதவில்லை. பிள்ளைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். "முப்பத்தாறு நாள் அக்கா" என்றாய். போன மாதக் கூட்டக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது பிள்ளை அழ ஆரம்பித்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாய். நான் வெளியே வருவதற்குள் உன் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

திரும்பிப் பார்த்த அந்த இரண்டு பேருக்கும் கோபம் இல்லை, தங்கச்சி. பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் ஒருவர் எழுந்தார். அதற்குள் நீ வாசலைத் தாண்டிவிட்டாய்.

உன் நம்பர் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. யாராவது காட்டினால் படித்துக்கொள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை, மாமனார் எண் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் பிறப்புப் பத்திரமும் எடுக்கவில்லை என்று சொன்னாய். நம் மலேசியாவில் பிறந்த 60 நாளுக்குள் பதிவு இலாகாவில் பதிந்துவிட வேண்டும். நீ சொன்ன கணக்குப்படி இன்றைக்கு 41ஆம் நாள். இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் தாமதப் பதிவு என்று தனியாக விண்ணப்பம், கூடுதல் பத்திரங்கள், அபராதம் என்று இழுக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு உறுதிக் கடிதம், உங்கள் இருவரின் ஐசி (அடையாள அட்டை), திருமணப் பதிவுப் பத்திரம், கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகாலப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாமனாரிடம் மரியாதையாகவே சொல், இந்த வாரத்துக்குள் ஒரு பெயர் வேண்டும் என்று.

திருமணப் பத்திரம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாத நமக்குப் பதிவுத் திருமணம் கட்டாயம். கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்ட ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்து, பத்திரத்தில் அப்பா பெயர் போட வேண்டிய நாளில்தான் சிக்கல் தெரியவரும். பத்திரமே இல்லாமல் வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

சரி, நீ போன பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் அன்றைய பேச்சு. மேடைக்குப் பக்கத்தில் ஆறு அட்டைப்பெட்டி இருந்ததைப் பார்த்திருப்பாய். எல்லாம் உறுப்பினர் வீடுகளிலிருந்து வந்த குழந்தைத் துணி. திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். எங்களில் ஓய்வுபெற்ற மிஸி, அதாவது தாதி, ஒருவர் இருக்கிறார். அவர் உடனே மூன்று பெட்டியை மூடச் சொல்லிவிட்டார். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி அது. அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும், பாச்சை உருண்டையின் நெடி பட்டாலே ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். ஆசையாகக் கொடுத்த துணிதான், ஆனாலும் ஒதுக்கிவிட்டோம். உன் வீட்டிலும் யாராவது பழைய துணி கொடுத்திருந்தால் முதலில் முகர்ந்து பார்.

பால் மாவு டின்னும் அப்படித்தான். ஹேம்பரில், அதாவது பரிசுக்கூடையில், ஆளுக்கு இரண்டு டின் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பால் மாவு விற்பனைக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் 1981லேயே நெறிமுறை வைத்திருக்கிறது என்று மிஸி விளக்கினார். இலவச டின் வீட்டுக்குள் வந்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் பாலும் குறையும். டின் தீர்ந்த பிறகு கடையில் வாங்கியே ஆக வேண்டும். தாய்ப்பால் போதாத அம்மாவுக்குத் தனியாக, சத்தமில்லாமல் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவானது. அந்த நிலையில் இருப்பவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

ஹேம்பர் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. அப்போது எழுந்தவர் எங்கள் மூத்த உறுப்பினர், தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், நம் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதை நினைவுபடுத்தினார். தோட்டத்து ஜனங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டம் வாங்கிய சங்கம் அது. "அதற்குப் பெயர் பங்கு. தானம் என்று யாரும் சொல்லவில்லை" என்றார். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்கு என் முதல் பிரசவம் ஞாபகம் வந்தது. தோட்டத்து லயத்து வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது. நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. என் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கேட்கும், கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுவார். வெந்நீர் அவர்தான் போடுவார். பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுப் பத்தியக் குழம்பு நாலாவது வீட்டிலிருந்து வரும். காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கத் தோட்டத்து டிரஸ்ஸர். வேலைக்குத் திரும்பினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா கொட்டகை. அப்புறம் கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயம் உடைந்தது, ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போனோம். இப்போது நான் இருக்கும் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் பெயர் எனக்கே தெரியாது.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான். கிளினிக் மிஸி வீட்டுக்கு வந்து பார்ப்பது 20ஆம் நாளோடு முடிகிறது. பத்தியம் போட வந்த அம்மா முப்பதாம் நாள் சடங்கு கழித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார். உன் வீட்டுக்காரருக்கு வேலை. 2023 ஜனவரி 1 முதல் அப்பாவுக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுமுறை உண்டு, ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். அந்த ஏழு நாளும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வீடு நிஜமாகக் காலியாவது முப்பதுக்குப் பிறகு. நாங்களோ எப்போதும் முதல் வாரத்திலேயே பழக்கூடையோடு போய் நின்றிருக்கிறோம்.

அதனால் இனி முப்பது கழிந்த வீட்டிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கும். மூன்று பெண்கள் முறைவைத்து வருவோம். நீ குளிக்கும்வரை, ஒரு மணி நேரம் கண்ணை மூடும்வரை பிள்ளையை வைத்திருப்போம். சோறு கொண்டுவருவோம். உன் சமையலறை எப்படிக் கிடக்கிறது என்று எட்டிப்பார்க்க மாட்டோம். கிளினிக்குக்கு மோட்டாரில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு உறுப்பினர் கார் தருகிறார்கள். காரில் குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம் என்பதால், அன்று வசூலான பணத்தில் முதலில் வாங்கப்போவது அதைத்தான்.

இன்னொன்று. பதிவேட்டில் எழுதும்போது உன் கண் கலங்கியிருந்தது. நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். அதற்குப் பிறகும் நின்றபாடில்லை, பிள்ளை தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல். அது உடம்புக்கு வரும் காய்ச்சல் மாதிரிதான், மருத்துவம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் அந்த நிமிடமே வீட்டில் யாரையாவது எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ. நேரம் பார்க்காதே.

அடுத்த கூட்டத்துக்குக் கதவோரத்தில் உட்கார வேண்டாம். பின்னாலிருக்கும் சாமான் அறையைக் காலி செய்து, விசிறி போட்டு, கம்பியில் தொட்டில் கட்டப் போகிறோம். அதற்கு முன்னால் இரண்டு மாத ஊசி வருகிறது. கிளினிக் தேதி தெரிந்ததும் யாரிடமாவது எனக்குச் சொல்லியனுப்பு. அன்றைக்கே பதிவு இலாகாவுக்கும் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதே, பத்திரத்தை முன்பே எடுத்துவிடு. இரண்டுக்கும் கார் உண்டு.

அன்புடன்,
கிளப் செயலாளர் அக்கா