நூறு பொருள் செட் வேண்டாம், நல்லதாக நாலு போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பைச் சுயதொழிலாகச் செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் சந்தோஷம். ஆனால் என்ன கருவி வாங்குவது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள் முதலில் தடுமாறுவதே அதில்தான்.

நூறு பொருள் இருக்கும் மலிவான பெட்டியை வீட்டில் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதிலுள்ள ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரின் முனை நாலு ஸ்க்ரூ கழற்றுவதற்குள் மழுங்கி, ஸ்க்ரூ தலையையும் கெடுத்துவிடும், பையனோ தன் கைதான் சரியில்லை என்று மனசு விட்டுவிடுகிறான். அந்தக் காசுக்கு நல்ல டிரைவர் இரண்டு வாங்கலாம். கடையிலேயே ஒரு ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள், முனை ஆடாமல் உட்கார வேண்டும்.

அப்புறம் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். சார்ஜர், ரேடியோ, எல்இடி பல்பு போர்டுக்கெல்லாம் 25 வாட் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று 60 வாட்டை வைத்து அழுத்தினால் போர்டின் செம்புப் பட்டை உரிந்து வந்துவிடும், அதைச் சரிசெய்வது பழுதை விடப் பெரிய வேலை. பற்றவைக்கும் ஈயம் 60/40, அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம், உள்ளே ரோசின் என்ற பிசின் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். குழாய் வேலைக்கான அமில பேஸ்ட் வேண்டவே வேண்டாம், இன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், நாள்பட நாள்பட இணைப்பை அரித்துவிடும். முலாம் பூசிய முனையை அரத்தால் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சில் துடைத்தால் போதும்.

நிப்பர் என்ற சின்னக் கம்பி வெட்டி செம்புக் கம்பிக்கும் பார்ட்ஸ் காலுக்கும் மட்டும். ஒரு பையன் அதால் சைக்கிள் பிரேக் கம்பியை வெட்டினான், நிப்பரின் வாயில் பள்ளம் விழுந்தது, அதற்குப் பிறகு அது எதையும் சுத்தமாக வெட்டவில்லை.

எதை விட்டாலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை விடாதீர்கள். சார்ஜர், டிவி சப்ளை போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டெஸ்டர் பல்பு அதைக் காட்டாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. முதல் நாளே நான் சொல்லித்தருவது இதைத்தான், சால்டரிங் எல்லாம் அப்புறம்.

அடுத்த முறை இந்தத் தொழிலைப் பற்றி எழுதும்போது இந்தக் கெப்பாசிட்டர் விஷயத்தையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடை வைத்திருக்கும் ஒரு வாசகர்