எலும்பு மட்டும் ஏன் இறுகுகிறது?

அன்புள்ள கதிரேசனுக்கு,

இடக்கையால் கிறுக்கிய உன் கடிதம் கிடைத்தது. தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் பெரும்பாலும் இருப்பது கொலாஜன் என்னும் ஒரே நார்ப்புரதம் என்றால், எலும்பு மட்டும் ஏன் கல்லாய் இறுகுகிறது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை.

முப்புரிக் கயிறாய் முறுக்கிய கொலாஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமுடையது. (அந்த முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55இல் முன்வைத்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.) இம்மூலக்கூறுகள் 67 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டு இழையாவதால், அந்த இழைக்குள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் நீள இடைவெளிகள் வரிசையாக அமைகின்றன. கால்சியம் பாஸ்பேட் முதலில் வடிவமற்ற குழைவாக அங்கே புகுந்து, பின்னரே சில நானோமீட்டர் தடிப்புள்ள அபடைட் என்னும் கனிமத் தகடுகளாகப் படிகமாகிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

ஆனால் அதே இடைவெளிகள் தசைநாணிலும் உண்டே! ஆகவே, மற்றத் திசுக்கள் இறுகாமல் எப்படித் தப்புகின்றன என்று கேட்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அபடைட் உருவாகத் தேவையான அளவுக்கு மேலாகவே உடல்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்திருக்கின்றன. ஆனாலும் படிகம் வளராதபடி பைரோபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறு காவல் நிற்கிறது. எலும்பாக்கும் செல்கள் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்னும் நொதியால் அந்தக் காவலைச் சிதைக்கின்றன; சிதைவில் கிடைக்கும் பாஸ்பேட்டும் கட்டுமானத்துக்கே உதவுகிறது. பிறவியிலேயே அந்நொதி குறைந்தவர்களுக்கு எலும்பும் பல்லும் சரியாக இறுகுவதில்லை.

என்னை அதிகம் வியக்கவைத்தது ஃபெட்டுயின் என்னும் இரத்தப் புரதம். அது இழைக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகையால் வெளியே படிகம் வளராமல் தடுக்கிறது, உள்ளேயோ அதன் கை எட்டுவதில்லை. தடுக்க வந்ததே கனிமத்தை உள்ளே ஒதுங்கச் செய்துவிடுகிறது.

பல்லின் உட்பகுதியான டென்டினிலும் இதே கதைதான். அதன் எடையில் சுமார் 70 விழுக்காடு கனிமம். பல்லை மேலே மூடும் எனாமல் வேறு வகை: முதிர்ந்த நிலையில் 96 விழுக்காடு கனிமம், கொலாஜன் அறவே கிடையாது.

முறிந்த உன் வலக்கைக்கு வருகிறேன். வளர்ந்தவர்களின் எலும்பில், புதிதாகப் படியும் கொலாஜன் இறுகத் தொடங்கவே பத்து நாள் போல ஆகிறது. பெரும்பங்கு கனிமம் விரைவில் ஏறினாலும் எஞ்சியது ஏறப் பல மாதங்கள் பிடிக்கும். எனவே பாரம் தூக்க அவசரப்படாதே. வலக்கையால் எழுத முடிந்ததும் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
சேகர்